சட்டைக்குக் கழுத்து வெட்டுமுன்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பெரியகல்லாற்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்களில் வைத்தியருக்குக் கொடுக்கும் தலைப்பு வழக்கமாக நீரிழிவு, அல்லது பிரஷர், அல்லது டெங்கு. இம்முறை சங்கத்தினர் தந்த தலைப்பு "முகத்துக்கும் உடம்புக்கும் ஏற்ற சட்டைக் கழுத்து". கேள்விப்பட்ட சிலர் சிரித்தார்கள். தையல் ரீச்சரைக் கூப்பிட வேண்டிய இடத்துக்கு டொக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்றார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் கழுத்தையும் தோளையும் மார்பையும் கிட்ட நின்று பார்ப்பவர்கள் இரண்டு தொழில்காரர்தான். ஒருவர் தைப்பவர், மற்றவர் வைத்தியர். தைப்பவரிடம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் சடங்குக்கும் போகிறோம். வைத்தியரிடம் தாங்க முடியாமற் போன பிறகுதான் போகிறோம். ஆகவே இன்று இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த மண்டபத்தில் இருக்கும் நாங்கள் எல்லோரும் பள்ளிப் பருவம் முழுவதும் ஒரே கழுத்தோடு வாழ்ந்தவர்கள். வெள்ளைச் சட்டை, கொலர், நடுவில் ரை. வட்ட முகமா, நீள முகமா, ஒல்லியா, பருமனா என்று அந்தச் சீருடை யாரையும் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, பள்ளியை விட்டு வெளியே வந்து முதன்முதலாகச் சாறிப் பிளவுஸ் தைக்கப் போனபோது "என்ன கழுத்து வைக்க?" என்று ரெயிலர் கேட்ட கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்கவில்லை. "எல்லோருக்கும் வைக்கிற மாதிரி வையுங்கோ" என்றுதான் சொல்லியிருப்போம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இந்த உரை.

கழுத்து வெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு

எந்தக் கழுத்து அழகு என்று கேட்கும் நிலைக்கு வரவே பெண்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. பாக்குநீரிணைக்கு அப்பால், பழைய திருவிதாங்கூரில், மார்பை மூடும் உரிமையே சில சாதிப் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று அதைச் சொல்வார்கள். பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்ட பிறகு, 1859 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் திகதி நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரச அறிவித்தல் வந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் உடுப்பது போல உடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒரு சட்டையின் கழுத்துக்காகப் பெண்கள் தெருவில் அடிவாங்கியிருக்கிறார்கள்.

இன்று நாங்கள் உடுக்கும் முறை அதே நூற்றாண்டில் வங்காளத்தில் உருவானது. தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி 1860களில் பம்பாய்க்குப் போய் வந்தபின், சாறிக்கு உள்ளே பிளவுஸும் பாவாடையும் அணிந்து, தலைப்பை இடது தோளில் போடும் முறையைப் பரப்பினார். வலது கை வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று தலைப்பு இடதுபக்கம் போனது. இந்தச் சின்ன விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் மட்டக்களப்பிலும் தைத்த உடுப்புக்குத் தனிக் கதை இருக்கிறது. பொத்தான், லேஞ்சி, சப்பாத்து, அவற்றை எடுத்து வைக்கும் அலுமாரி எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள். மட்டக்களப்புப் பறங்கியர் தச்சுக்கும் தையலுக்கும் பேர்போனவர்கள். வடக்கே கல்லடி முதல் தெற்கே மருதமுனை வரை, ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் தறியும் தையல் மெசினுமாக இருக்கும் பிரதேசம் எங்களுடையது. துணிக்கும் தையலுக்கும் நாங்கள் வெளியூரைப் பார்க்கவேண்டியதில்லை.

மூடு என்று ஒருவர் சொல்ல மூடியதும், மூடாதே என்று ஒருவர் சொல்ல மூடாமல் நின்றதும் அந்தக் காலம். எவ்வளவு, எப்படி என்பதை இன்று நாங்களே தீர்மானிக்கலாம். தீர்மானிக்கும் ஆள் முதலில் தன்னைப் பார்க்கத் தெரிந்தவளாக இருக்கவேண்டும்.

முகத்தைப் பார்த்தல்

தலைமயிரை முழுக்கப் பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நேராக நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சவர்க்காரத் துண்டால் கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தை அப்படியே வரையுங்கள். விலகி நின்று பார்த்தால் உங்கள் முகம் வட்டமா, நீளமா, சதுரமா, நெற்றி அகன்று நாடி ஒடுங்கியதா என்று தெரியும். அடுத்த வீட்டுக்காரி சொல்வதை விட அந்தக் கோடு உண்மையானது.

விதி ஒன்றே ஒன்று. முகத்தில் இருக்கும் வடிவத்தைக் கழுத்தில் திரும்பவும் போடக்கூடாது. கண் கோட்டின் வழியே போகும். கீழே இறங்கும் கோடு நீளத்தைக் காட்டும். குறுக்கே ஓடும் கோடு அகலத்தைக் காட்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

வட்ட முகத்துக்குக் கழுத்தோடு ஒட்டிய வட்டக் கழுத்து வைத்தால் வட்டத்துக்கு மேல் வட்டமாகும். வி கழுத்தோ, சற்று இறங்கிய யூ கழுத்தோ வைத்தால் முகம் நீளும். சதுர முகத்துக்கு, அதாவது தாடை அகன்றவர்களுக்கு, சதுரக் கழுத்து தாடையை இன்னும் எடுத்துக் காட்டும். வளைந்த கழுத்து, பானைக் கழுத்து என்பவை அதை மென்மையாக்கும். நீள முகத்துக்கு ஒடுங்கிய ஆழமான வி கூடாது. சதுரக் கழுத்தும், கொலரும், தோளிலிருந்து தோளுக்கு ஓடும் போட் கழுத்தும் பொருந்தும். வாவிக்கரைக்காரராகிய நாங்கள் அதைத் தோணிக் கழுத்து என்றே சொல்லலாம். நெற்றி அகன்று நாடி கூரானவர்களுக்குக் கூரிய வி நாடியையே திரும்பச் சொல்லும். அகன்ற வட்டமோ தோணிக் கழுத்தோ நல்லது. முட்டை வடிவ முகம் உள்ளவர்கள் அதிர்ஷ்டக்காரர். அவர்களுக்கு எதுவும் பொருந்தும், ஆகவே அவர்களைப் பார்த்து நாங்கள் கழுத்து வைக்கக் கூடாது.

தோள், மார்பு, கழுத்தின் நீளம்

முகத்தோடு வேலை முடியாது. கழுத்து குட்டையானவர்கள் கொலரும் உயர்ந்த கழுத்தும் வைத்தால் தலை தோளில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். முன்னால் திறந்த வி, பின்னால் கொஞ்சம் இறக்கம், இவை இரண்டும் கழுத்துக்கு நீளம் தரும். கழுத்தோடு ஒட்டிய அட்டியலையும் அவர்கள் தவிர்த்து, நீளச் சங்கிலியைப் போடலாம். நீண்ட கழுத்துக்காரருக்கு இதெல்லாம் மறுபக்கம். கொலரும் அட்டியலும் அவர்களுக்கென்றே செய்தவை.

தோள் ஒடுங்கி இடுப்பு அகன்ற உடம்பு எங்கள் பெண்கள் பலருக்கு உண்டு. தோணிக் கழுத்தும் அகன்ற சதுரக் கழுத்தும் தோளை விரித்துக் காட்டி, கீழ்ப்பக்கத்தோடு சமப்படுத்தும். தோள் அகன்றவர்கள் அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டவேண்டும். மார்பு பெரியவர்கள் "மூடிவிட்டால் தெரியாது" என்று உயரக் கழுத்து வைப்பதைப் பார்க்கிறோம். கழுத்திலிருந்து இடுப்புவரை இடைவெளியே இல்லாமல் ஒரே துணியாகத் தெரிவதால், அது இன்னும் பெரிதாகத்தான் காட்டும். அளவான வி கழுத்து அந்த இடத்தைப் பிரித்துக் கொடுக்கும். மார்பு சிறியவர்களுக்கும் தோள் எலும்பு துருத்தியவர்களுக்கும் தோணிக் கழுத்து, சுருக்கு வைத்த கழுத்து, கொலர் எல்லாம் நிறைவைத் தரும்.

சாறிக்கென்று தனியே மூன்று விசயம் உண்டு. முதலாவது, தலைப்பு இடது தோளில் போவதால் முன் கழுத்தின் பாதியைத்தான் ஊர் பார்க்கிறது. வலது பக்கத்து வளைவு சரியாக இருந்தால் போதும். இரண்டாவது, எங்களை முழுதாகக் காட்டுவது பின் கழுத்து. கொண்டை போடுபவருக்குப் பின் கழுத்து வெட்டு முக்கியம், ஒற்றைப் பின்னல் போடுபவருக்கு அவ்வளவு இல்லை. மூன்றாவது, முன்னும் பின்னும் இரண்டையும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினால் சட்டை தோளில் நிற்காது. நாள் முழுக்க அதை இழுத்து இழுத்து விடவேண்டும். பின்னால் ஆழம் வேண்டுமென்றால் முன்னால் அகலத்தைக் குறையுங்கள், அல்லது பின்னால் நாடா வைத்துக் கட்டுங்கள். தாலிக்கொடி போடுபவர்கள் அதையும் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள். கொடியும் சட்டை விளிம்பும் ஒரே இடத்தில் விழுந்தால் இரண்டும் எடுபடாது, கொடி உரசித் துணியும் பிய்யும்.

தைத்து வந்ததைக் கண்ணாடி முன் பொம்மைபோல் நின்று பார்த்துவிட்டு வாங்காதீர்கள். கையைத் தூக்குங்கள், பஸ்ஸில் கம்பி பிடிக்கிற மாதிரி. குனியுங்கள், பந்தியில் சோறு பரிமாறுகிற மாதிரி. கையை இடுப்பில் ஊன்றி நிமிருங்கள், வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி. மூன்று நிலையிலும் கழுத்து இருந்த இடத்தில் இருந்தால் அது நல்ல தையல். எந்த உள்ளாடையோடு அந்தச் சட்டையைப் போடுவீர்களோ, அதே உள்ளாடையோடுதான் அளவு கொடுக்கவேண்டும். உள்ளாடையின் பாரத்தை மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டி தாங்கவேண்டும். தோளில் பட்டி அழுத்திக் குழி விழுந்திருந்தால் அளவு பிழை. தோள்வலி, பிடரிவலி என்று எங்களிடம் வருகிறவர்களிற் சிலருக்கு மருந்தை விட அளவு நாடாதான் வேண்டியிருக்கிறது.

மறைக்கிற கழுத்துகள்

தங்கைமாரே, அக்காமாரே, தைப்பவரிடம் "கழுத்தை மறைக்கிற மாதிரித் தையுங்கோ" என்று நாங்கள் சொல்லும் நேரங்களும் உண்டு. வைத்தியராக எங்களுக்கு அக்கறை அங்கேதான் தொடங்குகிறது. மறைப்பது பிழையில்லை. எதை மறைக்கிறோம் என்று தெரியாமல் மறைப்பதுதான் ஆபத்து.

பிடரியும் கழுத்தின் இரு பக்கமும் கறுத்துத் தடித்து, தொட்டால் வெல்வெற்றுத் துணிபோல் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். "அழுக்கு, நல்லாத் தேய்" என்று தாய்மார் தேசிக்காயால் தேய்க்கிறார்கள். பிள்ளை வெட்கப்பட்டுக் கொலர் வைத்த சட்டைக்கு மாறுகிறது. அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் காட்டும் அடையாளம். நீரிழிவு வருவதற்குப் பல வருடம் முன்பே அது தெரியலாம். தேசிக்காயைச் சமையலுக்கு வைத்துவிட்டு, வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பாருங்கள். சாப்பாட்டையும் நடையையும் திருத்தி நிறையைக் குறைத்தால் அந்தக் கறுப்பும் மெல்ல மங்கும். ரெயிலரின் நாடா வைத்தியருக்கும் கருவிதான். எங்கள் தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் வேண்டும். கழுத்துச் சுற்று 16 அங்குலத்தை எட்டி, இரவில் பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

போன வருடச் சட்டையின் கழுத்து இந்த வருடம் இறுக்குகிறது, அட்டியல் கொழுக்கி எட்டவில்லை என்றால் அது வெறும் பருமனாக இருக்கலாம், தைரொயிட் சுரப்பியின் வீக்கமாகவும் இருக்கலாம். கழுத்தைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். தொண்டைக்குக் கீழே ஏதாவது தடித்து, விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் காட்டவேண்டும். எங்கள் நாட்டில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பதால் பழைய காலத்துப் பெரிய கழலைகள் குறைந்துவிட்டன. ஆனாலும் கட்டிகள் வருகின்றன, பெண்களுக்கே கூட வருகின்றன. சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அடிக்கழுத்தில் மாலை போட்டது போல் ஒரு தழும்பு இருக்கும். அது ஆற ஒரு வருடமளவு எடுக்கும். அதுவரை அந்தக் கோட்டில் உரசும் ஒட்டுக் கழுத்தும் ஜரிகை விளிம்பும் வேண்டாம். அதற்குக் கீழே இறங்கும் வி கழுத்தும், வெயிலில் ஒரு மெல்லிய பருத்திச் சால்வையும் போதும்.

வயது போன அம்மாமாருக்குப் புதிதாகத் தைத்த சட்டையின் முன் கழுத்து தொண்டையை நோக்கி ஏறி, பின் விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் தைத்தவரைத் திட்டாதீர்கள். முதுகு கூனத் தொடங்கியிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்ந்து, முள்ளந்தண்டு எலும்புகள் நசுங்கி உயரம் குறைவதன் அடையாளமாக அது இருக்கலாம். சட்டையின் பின்பக்கத்தை நீட்டித் தைக்கச் சொல்லுங்கள், எலும்பையும் சோதியுங்கள்.

எங்கள் பகுதியில் இன்னொரு மறைப்பும் உண்டு. மின்சாரம் இல்லாமல் போத்தல் விளக்கோடு படித்த வருடங்கள் பலருக்கு இருக்கின்றன. அந்த விளக்குச் சரிந்து கழுத்திலும் நெஞ்சிலும் எரிந்தவர்கள் இந்தத் தீவெங்கும் இருக்கிறார்கள். அதற்காகவே சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992 இல் சரியாத குட்டைப் போத்தல் விளக்கைச் செய்தார். அந்த எரிகாயத் தழும்பையும், போர்க்காலக் காயங்களின் தழும்பையும் மறைக்க ஒருவர் கொலர் போடுகிறார் என்றால் "இந்த வெக்கையில் ஏன் இப்படி?" என்று கேட்காமல் இருப்பது எங்கள் பண்பு. அவர் ஒருநாள் கொலர் இல்லாமல் வந்தால் உற்றுப் பார்க்காமல் இருப்பதும் பண்புதான்.

மார்புச் சத்திரசிகிச்சைக்குப் பின்

இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். வேளைக்குக் கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம். கொஞ்சம் முன் சட்டை பார்க்கச் சொன்ன மூன்று நிலைகள் ஞாபகம் இருக்கிறதா? கையைத் தூக்கி, குனிந்து, இடுப்பில் ஊன்றி. மார்பகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதும் அதே நிலைகளில்தான். மாதவிடாய் முடிந்த சில நாட்களில், மாதம் ஒருமுறை, சட்டை இல்லாமல் பாருங்கள். ஒரு பக்கம் தோல் உள்ளிழுத்தல், தோடம்பழத் தோல்போல் குழிகள், முலைக்காம்பு உள்ளே போதல், இரத்தக் கசிவு, மார்பிலோ அக்குளிலோ கட்டி, இவற்றில் ஒன்று கண்டால் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், ஆரம்பக் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இனி, மார்பகம் எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணைப் பற்றிப் பேசுவோம். மகரகமவுக்கும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் அலைந்து, மருந்தேற்றி, மயிர் கொட்டி, உயிர் தப்பி வருகிறாள். வந்தபின் கோயில் சடங்குக்குப் போவதில்லை. கலியாண வீட்டுக்கு மொய் மட்டும் அனுப்புகிறாள். நோய் மாறிவிட்டது, ஆனால் அலுமாரியில் இருக்கும் சட்டை ஒன்றும் அவளுக்குப் பொருந்தவில்லை. ஒரு பக்கம் பாரம் இல்லாததால் கழுத்து மறுபக்கம் இழுபடுகிறது. குனிந்தால் வெறுமை தெரிகிறது. சட்டையின் கழுத்து ஒரு பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியும் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இதற்குத் தையலில் வழி இருக்கிறது. காயம் நன்றாக ஆறி, சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் சரி என்றபின், சட்டையின் உட்பக்கம் மென்மையான பருத்தியில் ஒரு பை தைத்து, பஞ்சு நிரப்பிய உருவை அதற்குள் வைக்கலாம். அது மேலே எழும்பாதபடி கொஞ்சம் பாரமும் வேண்டும். கையைப் பின்னுக்குக் கொண்டுபோவது கஷ்டம், ஆகவே கொழுக்கிகள் முன்னால் வரவேண்டும். கழுத்தின் ஆழத்தை ஒரு அங்குலம் குறைத்து, அக்குள் பக்கம் வெட்டை உயர்த்தவேண்டும். அந்தப் பக்கத்துக் கையும் கைக்குழியும் தாராளமாக இருக்கட்டும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கக்கூடும், இறுக்கிய கை அதற்குக் கூடாது. கதிர் சிகிச்சை எடுத்த தோலில் ஜரிகையும் கஞ்சி போட்ட துணியும் பொலியெஸ்டரும் படாமல், பழகிய மெல்லிய பருத்தி படட்டும்.

தலைப்பு இடது தோளில் போகிறது என்று முதலில் சொன்னோம். இடது மார்பில் சத்திரசிகிச்சை செய்தவருக்குத் தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடும். வலது பக்கம் செய்தவருக்குத்தான் சட்டை முழுவதையும் தாங்கவேண்டும். அவர்களுக்குக் குஜராத்திப் பெண்கள் உடுப்பது போல் தலைப்பை வலது தோளால் முன்னுக்குக் கொண்டுவரும் முறை இருக்கிறது. அப்படி உடுத்து வருபவரைப் பார்த்து "இது என்ன புதுப் பாஷன்?" என்று கேட்கவேண்டாம். "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இடம் விடுங்கள்.

மற்றொரு கழுத்து

கழுத்தைப் பற்றிப் பேசும்போது, எந்த ரெயிலரும் அளவெடுக்காத ஒரு கழுத்தையும் சொல்லாமல் விடமுடியாது. அது கருப்பைக் கழுத்து. அதில் வரும் புற்றுநோயைத் தடுக்க 2017 முதல் தரம் 6 மாணவியருக்குப் பாடசாலையிலேயே தடுப்பூசி போடப்படுகிறது. பிள்ளைகளே, அந்தக் கடிதத்தை அம்மாவிடம் மறக்காமல் கொடுங்கள். 35 வயதைத் தாண்டிய அக்காமாருக்காக, 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் காசில்லாமல் பார்க்கிறார்கள். எங்களுக்குக் களுவாஞ்சிகுடி ஒரு பஸ் தூரம். தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்க அங்கே போகிற அன்றைக்கே இதையும் முடித்துக்கொண்டு வரலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

முடிக்குமுன் மூன்று விசயம்.

பிள்ளைகளே, வட்ட முகத்துக்கு இது, குட்டைக் கழுத்துக்கு அது என்று சொன்னதெல்லாம் உங்கள் முகத்திலும் கழுத்திலும் குறை இருக்கிறது என்பதற்காக இல்லை. கணக்குப் பாடத்தில் வாய்பாடு மாதிரி, தெரிந்திருந்தால் வேலை சுலபம், அவ்வளவுதான். வாய்பாட்டை மீறி வட்ட முகத்துக்கு வட்டக் கழுத்துப் போட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால், அதைப் போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து நடவுங்கள்.

அம்மாமாரே, சாமத்திய வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வீடியோக்காரர் சொல்லும் கழுத்தை வைக்காதீர்கள். பிள்ளையைக் கேளுங்கள். தன் உடம்புக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல அவள் பழகும் முதல் இடம் அந்தத் தையற்கடையாக இருக்கட்டும். நாளைக்கு ஒரு கட்டியைப் பற்றியும் வாய் திறந்து சொல்வாள்.

கடைசியாகச் சங்கத்துக்கு. நூற்றாண்டு நினைவாக மண்டபமும் வளைவும் கட்டலாம், நல்லதுதான். அவற்றோடு சிறியதாக ஒன்றும் செய்வோம். இந்தச் சபையில் தைக்கத் தெரிந்த கைகள் எத்தனையோ இருக்கின்றன. எங்கள் கல்லாறுகளிலும் ஓந்தாச்சிமடத்திலும் துறைநீலாவணையிலும் மார்புச் சத்திரசிகிச்சை முடித்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும், அவள் எங்கள் பாடசாலையில் படித்தவளோ இல்லையோ, இரண்டு சட்டை தைத்துக் கொடுப்போம். அளவெடுக்க அவள் வீட்டுக்கே போவோம். ஒன்றை வீட்டில் போடட்டும். மற்றதைப் போட்டுக்கொண்டு வைகாசிச் சடங்குக்கு எங்களோடு வரட்டும். துணிக்கும் நூலுக்கும் வருடத்தில் ஆகும் செலவை வைத்தியராக இருக்கும் பழைய மாணவியர் ஏற்றுக்கொள்கிறோம். தையல் உங்களுடையது.